குப்பையைக் குளிப்பாட்டும் வீடு

மார்ச் 3, திங்கள்

இந்த நோட்டை என்றாவது யாராவது திறந்தால், முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். ஒரு எழுத்து குட்டை, ஒரு எழுத்து நெட்டை, எதுவும் கோட்டில் உட்கார மாட்டேன் என்கிறது. எழுபத்திரண்டு வயதில் எழுதக் கற்றவன் நான். பேனாவைக் கடப்பாரை மாதிரி பிடிக்கிறேன் என்று மாலை வகுப்பு டீச்சர் சொல்கிறார். இதுவரை எழுதியதற்கே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். நான் நினைத்ததே அங்கே இருக்கிறது. இரண்டு முறை படித்தேன்.

"வீட்ல நடக்கறத எழுதுங்க ஐயா, அதுவே போதும்" என்றார் டீச்சர். சரி. வீட்டில் நடப்பது இதுதான்: என் மருமகள் பூமியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 5, புதன்

இன்று மூங்கில் பல் தேய்ப்பான் வந்தது, நான்கு. பெரிய அட்டைப்பெட்டி, அதற்குள் சின்ன அட்டைப்பெட்டி, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. உறையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன்: "பூமிக்கு உங்கள் பரிசு." நல்ல பரிசு. இன்னும் மூன்று மாதம் உழைத்திருக்கும் பழையவை எல்லாம் குப்பைக்குப் போயின.

துணிப்பை முப்பத்தொன்று இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். கடைக்குப் போகும்போது ஒன்றைக்கூட எடுத்துப் போவதில்லை. அங்கே போய் முப்பத்திரண்டாவதை வாங்கி வருகிறார்கள்.

படிக்கத் தெரியாத காலத்தில் உலகம் முழுக்க ஏதோ பெரிய விஷயங்கள் எழுதியிருக்கிறது என்று மரியாதையாக நினைத்திருந்தேன். இப்போது படிக்கிறேன். பாதி பீற்றல்.

மார்ச் 6, வியாழன்

நேற்று எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன். எது குப்பை, எது இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்று ஏற்பாடு.

நான் குப்பை லாரியில் இருபத்தெட்டு வருஷம், நகர உரக்கிடங்கில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன். ஒரு பையைத் தூக்கினாலே அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் யாரோடு சண்டை என்று சொல்லிவிடுவேன். மகன் கல்யாணத்துக்கு முன்பு பெண் வீட்டில் "அப்பா லாரி கம்பெனியில சூப்பர்வைசர்" என்று சொல்லிவிட்டான். லாரி வரைக்கும் உண்மைதானே என்று நானும் தலையாட்டினேன். அவன் அம்மா போனபின் இரண்டு வருஷமாக இங்கே அவர்களோடு இருக்கிறேன். இந்த இருபத்துநாலு வீட்டுக் கட்டடத்தில் எல்லோருக்கும் நான் சூப்பர்வைசர் ஐயா. மருமகளுக்கும்தான்.

எழுதிவிட்டேன்.

மார்ச் 8, சனி

மகன் வீட்டு மின்சாரச் செலவைக் கைப்பேசியில் பார்க்க ஒரு கருவி மாட்டியிருக்கிறான். சாப்பிடும்போதும் அதையே பார்க்கிறான். "அப்பா, இப்ப ஃபிரிட்ஜ் ஓடுது பாருங்க." ஃபிரிட்ஜ் ஓடுவது எனக்குக் காதில் கேட்கிறது. அதன் கதவு ரப்பர் கிழிந்து சரியாக மூடாததும் தெரிகிறது. அது அவன் கைப்பேசியில் தெரியாதாம்.

கக்கூஸ் தண்ணீர்த் தொட்டி ராத்திரி பகலாகச் சொட்டுகிறது. சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. தொட்டிக்குள் கொஞ்சம் பேனா மையை ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். பத்து நிமிஷத்தில் யாரும் தண்ணீர் திறக்காமலே கீழே பீங்கானில் நீலம்.

"என்னப்பா இது, நீலமா இருக்கு?"

"உன் காசு இறங்குதுப்பா" என்றேன்.

ஒரு ரப்பர் வளையம் மாற்றினேன். சொட்டு நின்றது. மகன் கைப்பேசியைப் பார்த்தான்.

மார்ச் 11, செவ்வாய்

கட்டடத்துக்குப் பின்னால் உரக்குழி இரண்டு இருக்கின்றன. மருமகள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, கட்டடக் குழுவில் பேசிக் கட்ட வைத்தது. இருபத்துநாலு வீட்டுக் காய்த் தோலும் அதில் விழுகிறது. இரண்டு மாதத்தில் நாற்றம் இரண்டாவது மாடிக்கு ஏறிவிட்டது.

குழிக்கு நேரே கீழ்வீட்டு வக்கீலின் ஜன்னல். இன்று மாடிப்படியில் மருமகளை நிறுத்திக்கொண்டார். "ஜன்னலைத் திறந்தா பொண வாடை வருதும்மா. உங்க ஆசைக்கு என் மூக்கா கெடச்சுது?" இருபத்து மூன்றாம் தேதி ஞாயிறு கூட்டம். குழியை மூடுவதா என்று ஓட்டெடுப்பாம்.

அவள் மேலே வந்து கை கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

மார்ச் 12, புதன்

இன்று குழிப் பக்கம் நடந்தேன். சுவரில் மருமகள் ஒட்டிய அறிவிப்பு. போன மாதம் வரை எனக்கு அது வெறும் கறுப்புக் கோடு. இன்று நின்று படித்தேன். மூன்றாவது வரி: "நாற்றம் வராமல் இருக்க, காய்த் தோல்களை நன்றாகக் கழுவிய பின் குழியில் போடவும்."

கழுவி.

அப்புறம்தான் அவள் தினமும் சமையலறைத் தொட்டியடியில் நின்று என்ன செய்கிறாள் என்று புரிந்தது. வெங்காயத் தோலைச் சல்லடையில் போட்டு, குழாயைத் திறந்து, குழந்தைக்குத் தலை குளிப்பாட்டுவது மாதிரி அலசுகிறாள். நான் ஏதோ சமையல் என்றல்லவா நினைத்திருந்தேன். இருபத்துநாலு வீட்டிலும் இதே கூத்து. படித்தவர்கள், எழுதியிருந்ததை அப்படியே செய்கிறார்கள். நல்ல தண்ணீரைக் கொட்டிக் குப்பையைக் குளிப்பாட்டி, சொட்டச் சொட்டக் கொண்டுபோய்க் குழியில் தள்ளுகிறார்கள். காற்றே புகாமல் ஊறினால் நாறாமல் மணக்குமா?

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

குழிக்கு ரோஜா மணத் திரவம் ஊற்றியிருக்கிறார்கள். இப்போது ரோஜாவும் நாறுகிறது.

மார்ச் 16, ஞாயிறு

மண்புழு வந்தது, கூரியரில். மருமகள் அவற்றைக் குழியில் விட்டாள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் சுவரேறி ஓடி வந்துவிட்டன. இந்தக் கட்டடத்தில் புத்தியுள்ள ஜீவன்கள் அவைதான்.

சாயங்காலம் அவள் மறுபடி தோலை அலசினாள். குழாய்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்து அழுதாள். எனக்குக் கேட்டது.

மகனைப் பால்கனிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன், "அந்தக் குழிய நான் பத்து நாள்ல சரி பண்ணிடுவேன்டா."

அவன் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டான். "எப்படித் தெரியும்னு கேப்பாங்கப்பா."

"சொல்லிட்டாப் போச்சு."

"அந்த வக்கீல் முன்னாடியா? அவகிட்டயே நான் இத்தனை வருஷம் சொல்லல. வேணாம்ப்பா. ஒரு குப்பைக் குழிக்காக…" என்றவன் அதோடு நிறுத்திக்கொண்டான்.

குப்பையில்தான்டா நீ படிச்சே. இதை அவனிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 19, புதன்

பெருக்க வரும் பெண் தோட்டத்துக் காய்ந்த சருகை எல்லாம் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி லாரிக்கு அனுப்புகிறாள். பதினொரு பை. பத்தடி தள்ளி அந்தச் சருகுக்காக ஏங்கிச் சாகிறது குழி. "யாரும்மா இப்படிச் செய்யச் சொன்னது?" என்றேன். "குழுல சொன்னாங்க தாத்தா. சருகு கிடந்தா அசிங்கமா இருக்காம்."

எதைப் பார்த்துச் சிரிப்பது, எதை விடுவது?

மார்ச் 23, ஞாயிறு

கூட்டம் முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன். எத்தனை நேரம் ஆனாலும் சரி.

வண்டி நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். மருமகள் ஒரு தாளை வைத்துக்கொண்டு பேசினாள். மகன் கடைசி வரிசையில் தரையைப் பார்த்தபடி இருந்தான். வக்கீல் எழுந்தார்.

"அம்மா, உங்க மனசு நல்ல மனசு. ஆனா குப்பையப் பத்தி நமக்கு என்ன தெரியும்? அது குப்பைக்காரன் வேலை. இங்க யாராவது அந்த வேலை பாத்தவங்க இருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நான் மனுஷனே இல்லை.

"நான் பாத்தேன்" என்றேன்.

வக்கீல் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். "நீங்க சூப்பர்வைசர் ஐயா."

"இல்ல சார். குப்பை லாரியில பின்னாடி தொங்கிட்டுப் போனவன். அப்புறம் பன்னிரண்டு வருஷம் உரக்கிடங்கு. உங்க குழில தப்பு ஒண்ணுதான். தண்ணி. தோலக் கழுவாதீங்க. ஒரு வாளி ஈரக் குப்பைக்கு ரெண்டு வாளி சருகு போடுங்க. வாரம் ஒரு தடவை கிளறி விடுங்க. கையில எடுத்துப் பிழிஞ்சா ஒரு சொட்டுக்கு மேல வரக் கூடாது. அவ்வளவுதான். ரோஜாவும் வேணாம், புழுவும் வேணாம்."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் என் பக்கம் பார்க்கவும் இல்லை. என் பக்கத்து நாற்காலிக்கார அம்மாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குப்பைக்காரன் பக்கத்தில் பை அழுக்காகிவிடும் போல. நாற்பது வருஷம் உங்கள் வீட்டு அழுக்கை நான்தானே தொட்டேன், நீங்களா தொட்டீர்கள்?

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு வாரம் தவணை என்றார். ஏப்ரல் ஆறு வரை.

மகன் எனக்கு முன்பே மாடியேறிப் போய்விட்டான்.

மார்ச் 24, திங்கள்

மருமகள் காலையில் தேநீரை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். லாரியைப் பற்றிக் கேட்பாள் என்று தயாராக இருந்தேன்.

"மாமா, நான் தோலைக் கழுவுறது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பன்னண்டாம் தேதி."

"பதினோரு நாள். தெனமும் பாத்துட்டு இருந்தீங்க. நீங்க என்ன வேலை பாத்தீங்கன்னு எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. நான் முட்டாளாகறத வேடிக்கை பாத்தீங்க பாருங்க…"

எழுந்து போய்விட்டாள்.

மகனுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். பாதிதான் உண்மை. மீதிப் பாதி, எனக்கு அது ருசித்தது. இத்தனை காலம் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் தாண்டிப் போனவர்கள் எல்லாம் ஒரு மூன்றாவது வரியில் சிக்கிக்கொண்டார்கள் என்று ருசித்தது. ஆனால் இந்தப் பெண் என்றைக்கு மூக்கைப் பொத்தினாள்? நாறும் குழிக்குள் தோள் வரை கையை விட்டவள் அவள் ஒருத்திதான்.

மார்ச் 26, புதன்

குழியைத் திறந்து தண்ணீரை வடித்தேன். பெருக்க வரும் பெண் சருகுப் பைகளை அவிழ்த்துக் கொடுத்தாள். அரை மணியில் மருமகள் பழைய சட்டையோடு வந்து இன்னொரு மண்வெட்டியை எடுத்தாள். மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். நானும் இந்த முறை உடனே சொல்லிவிட்டேன்.

மார்ச் 29, சனி

சுவரில் புது அறிவிப்பு. மூன்றாவது வரி போய்விட்டது. மருமகள் எழுத, நான் எழுத்துப் பிழை பார்த்தேன். பிழை இல்லை. இருந்தாலும் பார்த்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கையில் எடுத்துப் பிழிந்தேன். ஒரு சொட்டு. மழை பெய்த மண் வாசனை.

ஏப்ரல் 3, வியாழன்

வக்கீல் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் செய்தித்தாளுக்குள் முகத்தை விட்டுக்கொண்டார். தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று எழுத ஆசை. இல்லை, நேராகத்தான் பிடித்திருந்தார்.

மகன் பதினோரு நாளாக என்னிடம் சாப்பாடு, தண்ணீர் தவிர வேறு பேசவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

குழி மூட வேண்டாம் என்று பதினெட்டுக் கை உயர்ந்தது. ஆறு உயரவில்லை. உயராத அந்த ஆறில் வக்கீல் கை இல்லை என்பதுதான் அதிசயம்.

சருகு தீர்ந்துவிட்டது. அதற்குப் பதில் மரத்தூள் வேண்டும் என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மகன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான். "வாங்கப்பா." மூன்று தெரு தள்ளி மரம் அறுக்கும் பட்டறை. இஸ்திரி போட்ட சட்டையோடு தூள் அள்ளக் கிளம்பியவனை என்ன சொல்வது?

பட்டறைக்காரர் ஒரு மூட்டையைத் தள்ளினார். நான் கையை விட்டுப் பார்த்தேன். ஒட்டுப்பலகைத் தூள், பசை நாற்றம். ஆகாது என்றேன்.

"தூள்ல என்னய்யா தூளு. இவரு யாரு, தூள் டாக்டரா?" என்றார் பட்டறைக்காரர். அங்கே மரம் வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நம் கட்டடத்து மூன்றாவது மாடிக்காரர் ஒருவரும்.

மகன் குனிந்து மூட்டையைத் திரும்பக் கட்டினான். நிமிராமலே சொன்னான்.

"எங்கப்பா. குப்பை லாரியில இருந்தாரு. அவர் ஆகாதுன்னா ஆகாதுங்க. வேற காட்டுங்க."

வேறு காட்டினார். நல்ல தூள். மூட்டையை அவனே தூக்கினான். சட்டை பாழ்.

ஒரு பக்கம் தாண்டிவிட்டது, விரல் மடங்கவில்லை. முழு ரொட்டியை உறையோடு குழியில் போட்ட மகானுபாவர் யார் என்று கண்டுபிடித்திருக்கிறேன். அவரைப் பற்றி அடுத்த ஞாயிறு, விரல் சரியானதும்.