கண்ணாலே நிற்கிறவர்

ஆடி, செவ்வாய்க்கிழமை

வீட்டுக்காரர் அடிக்கடி தடுமாறுகிறார் என்று இன்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இடுப்பில் ஒரு பட்டை கட்டினார்கள். அதிலிருந்த தீப்பெட்டி அளவு கருவி, உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்று காட்டுமாம். கண்ணைத் திறந்து நின்றபோது திரையில் கோடு அமைதியாக ஓடியது. மூடச் சொன்னதும் கிறுக்கலாகிவிட்டது.

"சர்க்கரை கால் நரம்பைக் கெடுத்துடுச்சிம்மா. பாதத்துக்குத் தரை தெரியல. கண்ணாலதான் நிக்கிறாரு. நிக்கும்போது கண்ண மூடவே வேணாம்" என்றார் டாக்டரம்மா.

நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

போன ஆடியில் மாரியம்மனுக்குக் கற்பூரம் காட்டும்போது கண்ணை மூடிக் கும்பிட்டவர் அப்படியே ஆடினார். சாமி வந்துவிட்டது என்று ஊரே காலில் விழுந்தது. அன்றிலிருந்து வெள்ளிதோறும் அவரிடம் வாக்குக் கேட்கிறார்கள். சொன்னதில் சில பலிக்கவும் செய்தன.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பக்கத்து வீட்டுச் செல்வி பிடித்துக்கொண்டாள். "வெள்ளிக்கெழம அண்ணன் கோயிலுக்கு வருவாருல்லக்கா? பொண்ணு கல்யாணத்துக்கு வாக்குக் கேக்கணும்."

வருவார் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொல்ல உடம்பில் தெம்பில்லை.

படுத்த பிறகு அவர் கேட்டார். "ஆடுனது சர்க்கரைன்னா, அன்னிக்கு வாக்கு சொன்னது யாரு?"

ராத்திரியில் விளக்கை அணைக்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இந்த வெளிச்சத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. படுத்த பிறகும் அவர் கண்ணை மூடவில்லை.