சப்பாத்துக்குப் போட்ட கையெழுத்து

மார்ச் 11, செவ்வாய்

தலைமை அலுவலகத்திலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. தொழிலிடப் பாதுகாப்பு விதிகளைப் புதுப்பித்திருக்கிறார்களாம். இருபத்திரண்டு பக்கம், எல்லாம் ஆங்கிலம். தேயிலைத் தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு என் மேசையில் போட்டார். "அற்புதராஜ், பெக்டரியில நாப்பத்தாறு பேரு. எல்லாருக்கும் அவங்க பாஷையில பயிற்சி குடுத்து, கையெழுத்து வாங்கி, இருபத்தெட்டாந் தேதிக்குள்ள அனுப்பணுமாம். நீதான் நல்லா பேசுவியே, பாத்துக்க."

நன்றாகப் பேசுபவனுக்கு இந்தத் தோட்டத்தில் கிடைக்கும் பரிசு இதுதான். ஆனாலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அவருக்கு உதவியாளாகி ஒன்பது வருடம். எனக்கென்று தனியாக ஒரு பொறுப்பு வந்தது இதுதான் முதல்.

மார்ச் 23, ஞாயிறு

நான்காம் பக்கத்தைத் தாண்டவில்லை. ஓடும் இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது; நிறுத்திவிட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும்; அதற்கு நேரம் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. படித்துவிட்டுச் சிரித்தேன். கொழுந்து ஓடும் பெல்ட்டை ஒரு நிமிடம் நிறுத்தினால் டீமேக்கர் போடும் சத்தம் பசறை டவுன் வரை கேட்கும். சர்ச்சில் பாட்டுப் பயிற்சி இருந்தது. மீதியை நாளை பார்க்கலாம்.

மார்ச் 28, வெள்ளி

நாளை, நாளை என்று கடைசி நாள் வந்துவிட்டது. காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் தாள்களோடு போய் நின்றேன். பேசத்தான் நினைத்தேன். உள்ளே கொழுந்து குவிந்து கிடந்தது, டீமேக்கர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா பேப்பருங்க ஐயா?" என்று யாரோ கேட்டார்கள். நாக்கு தானாகப் புரண்டது.

"சப்பாத்து வருது. பேருக்கு நேரா கையெழுத்து போடுங்க. கால் நம்பரையும் சொல்லுங்க."

ஈரத் தரையில் நிற்பதற்குச் சப்பாத்து வேண்டுமென்று இரண்டு வருடமாகக் கேட்டவர்கள். முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். மேலே ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரட்டில் ஐயா நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதுதான் இங்கே வழக்கம். பெல்ட்டில் வேலை செய்யும் சிவசக்தி, "ஐயா, ஆறு. இல்லாட்டி ஏழு போடுங்க, பெருசா இருந்தா காலுக்கு மேசு போட்டுக்கிறேன்" என்றாள். நம்பிக்கை வர வேண்டுமே என்று ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் பென்சிலால் நம்பர் எழுதினேன்.

நாற்பத்தாறு பேர். பதினோரு நிமிடம்.

ஏப்ரல் 2, புதன்

டீமேக்கர் தோளில் தட்டினார். சப்பாத்து எப்போது வரும் என்று இரண்டு பேர் கேட்டார்கள். கொழும்பிலிருந்து வர வேண்டுமே என்றேன்.

ஏப்ரல் 24, வியாழன்

சிவசக்தியின் கை பெல்ட்டில் போய்விட்டது.

உருளையில் ஒட்டிய கொழுந்தை வழக்கம்போல ஓட ஓடத் தட்டிவிட்டிருக்கிறாள். எல்லாரும் அப்படித்தான் தட்டுவார்கள். நான் இருபதடி தள்ளி நின்று எழுதிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுச் சுவிட்சுக்கு ஓடினால் சுவிட்சுக்கு முன்னால் சாக்கு மூட்டைகள். மூட்டைகளுக்கு மேல் ஏறித்தான் அமத்தினேன். எத்தனை நொடி போயிருக்கும்? பத்தா? இருபதா? லொறியில் பசறைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அம்புலன்சில் பதுளைக்கு. வலது கை. மூன்று விரல்.

நான் சொல்லியிருந்தா அவ கையை வச்சிருக்க மாட்டாளே. ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லல நான்.

ஏப்ரல் 25, வெள்ளி

பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் அவள் புருஷன் கிருஷ்ணராஜ் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "நீங்கதான் மூட்ட மேல பாஞ்சு சுவிட்ச அமத்துனீங்களாம் ஐயா. இல்லாட்டி முழுக் கையும் போயிருக்குமாம். எங்களுக்கு நீங்க சாமி மாதிரி."

கையை உருவிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடி வந்துவிட்டேன். பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தது.

ஏப்ரல் 29, செவ்வாய்

தோட்ட மேனேஜர் துரை அறிக்கை எழுதிவிட்டார். "முறையாகப் பயிற்சி பெற்ற தொழிலாளியின் கவனக்குறைவு." கூடவே அவள் கையெழுத்துள்ள தாள். அனுப்புவதற்கு முன் டீமேக்கர் அழிரப்பர் ஒன்றை நீட்டினார். "அந்த நம்பரு கிம்பரெல்லாம் எதுக்கு? அழிச்சிரு."

அழித்தேன். ஆறையும் அழித்தேன். அறிக்கையில் சாட்சியாகக் கையெழுத்தும் போட்டேன். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். அந்தக் குதிரை நான்தான். தூ.

மே 4, ஞாயிறு

மனைவி நேசராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேனோ? தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "ஜொனி அப்பா, இன்னைக்கி சர்ச்ல மொத வரிசையில நின்னு என்னா சத்தமா பாடுனீங்க. அந்தச் சத்தத்துல கால்வாசி பெரட்டுல வந்திருக்கலாமே."

சாப்பிடாமலே படுத்துவிட்டேன்.

மே 9, வெள்ளி

சிவசக்தி லயத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். பழப் பையோடு போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் எனக்குத் தேத்தண்ணி நீட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஐயா, நான் பயிற்சி எடுத்துட்டுத்தான் அப்பிடி செஞ்சேனாம். அதுனால நட்டஈடும் கெடைக்காதாம், வேலையும் இல்லையாம். எனக்குச் சப்பாத்துதான் ஞாபகம் இருக்கு. நீங்க பயிற்சி குடுத்தீங்களா ஐயா? நான் மறந்துட்டேனா?"

ஒரு மனுஷி தன் ஞாபகத்தையே சந்தேகப்படும்படி செய்திருக்கிறேன். "பார்க்கலாம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது வாயில். பார்க்கலாமாம்! கேட்ட கேள்விக்கு இதுவா பதில்? வெட்கங்கெட்டவன்.

மே 19, திங்கள்

ஜூன் நாலாம் தேதி பதுளைத் தொழில் அலுவலகத்தில் விசாரணை. துரை கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார், இதுவரை சொன்னதில்லை. பயிற்சி கொடுத்தேன் என்று ஒரு வரி சொன்னால் போதுமாம். இன்னும் இரண்டு வருடத்தில் டீமேக்கர் ஓய்வு பெறுகிறாராம். குவார்ட்டஸ் கூரையைக்கூட மாற்றித் தரலாமாம்.

தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

இருபத்திரண்டு பக்கத்தையும் படித்து முடித்தேன். ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. ஒன்றரை மணி நேரம்.

ஜூன் 4, புதன்

விசாரணை அதிகாரி றில்வான் என்பவர், அதிர்ந்து பேசாத மனிதர். முதலில் சிவசக்தியைக் கேட்டார், இந்தத் தாளில் எதற்காகக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று. எதிரே துரையும் டீமேக்கரும். சப்பாத்து என்று சொல்வாள், நான் மறுக்க வேண்டியிருக்கும் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"எனக்குச் சப்பாத்துன்னுதான் ஞாபகங்க. ஆனா ஐயா பயிற்சி குடுத்தேன்னு சொன்னா குடுத்திருப்பாருங்க. அவரு பொய் சொல்ற ஆளு இல்ல. எனக்குத்தான் வெளங்கியிருக்காது."

எழுந்துவிட்டேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. "வெளங்காம இல்லைங்க சேர். நான் பயிற்சியே குடுக்கல. ஒருத்தருக்கும் குடுக்கல. சப்பாத்துன்னு பொய் சொல்லித்தான் கையெழுத்து வாங்குனேன்." நம்பர் எழுதியது, அழித்தது, சுவிட்சை மறைத்த மூட்டை, எல்லாம் சொன்னேன். றில்வான் பேனாவை எடுத்து, "முதல்லருந்து, மெதுவா" என்றார்.

நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. அவள் எனக்காகத் தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொண்ட பிறகுதானே வாய் திறந்தது? திரும்பும்போது பசறை பஸ்ஸில் அவர்கள் முன்னால் இருந்தார்கள். கிருஷ்ணராஜ் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூன் 20, வெள்ளி

என்னைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மாற்றிவிட்டார்கள். பதவியும் இல்லை. ஓகஸ்ட் முடிவதற்குள் குவார்ட்டஸைக் காலி செய்ய வேண்டும். நேசராணி பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். முகம் மட்டும் முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது.

சிவசக்திக்கு நட்டஈடு கொடுக்கவும், இருந்து செய்கிற வேலை கொடுக்கவும் உத்தரவு வந்திருக்கிறதாம்.

ஜூலை 11, வெள்ளி

நாற்பத்தாறு பேருக்கும் உண்மையாகவே பயிற்சி கொடுக்க வேண்டுமென்று தொழில் அலுவலகம் சொல்லிவிட்டது. "கெடுத்தவனே குடுக்கட்டும்" என்றாராம் துரை. இரண்டு மணி நேரம் பெல்ட்டை நிறுத்திவைத்து, றில்வான் முன்னிலையில், தமிழில் சொன்னேன். எங்கே கை வைக்கக் கூடாது, யார் நிறுத்தலாம், நிறுத்தினால் யாரும் ஏசக் கூடாது. சுவிட்ச் வரை எல்லாரையும் நடத்திக் கூட்டிப்போனேன். மூட்டைகள் இல்லை.

பிறகு கையெழுத்துத் தாளை மேசையில் வைத்தேன். இந்த முறை தலைப்பு தமிழில். ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் சிவசக்தியைப் பார்த்தார்கள். அவள் இடது கையால் தாளை எடுத்து என்னிடமே நீட்டினாள்.

"வாசிங்க."

வாசித்தேன், மேலிருந்து கீழ் வரை.

"இன்னொருக்கா வாசிங்க" என்றாள்.

வாசித்தேன்.