குனிந்து நுழைந்த வாசல்

ஆம்பூர்
16.2.1999

அன்பு மகள் கெசியாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், என் முழங்காலைத் தவிர. மஸ்கட்டில் நீ முழங்கால் உட்பட சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். டூட்டி முடிந்து வந்து வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே என்று அம்மா எழுதச் சொல்கிறாள். அடுத்த வாரம் உன் கல்யாணப் புடவை எடுக்க வேலூர் போகிறோம், கலர் விஷயத்தில் எனக்கு வாய் திறக்க அனுமதி இல்லை.

இனி எழுதப்போவதைக் கோபப்படாமல் படி. நம் கோயில் முன்வாசலை இடிக்கச் சொல்லிக் கை தூக்கியவர்களில் உன் அப்பனும் ஒருவன். டிசம்பரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை தேவகியம்மாவை அடக்கம் செய்தோம். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த உத்தரத்துக்குக் கீழே நுழைய முடியாமல் இடுப்பளவுக்கு இறக்கியதில் ஒருவர் தடுமாறிவிட்டார், நல்லவேளை பெட்டி விழவில்லை. உடனே ஜனவரி கமிட்டியில் பொருளாளர் இருதயராஜ், வாசல் மண்ணில் புதைந்துகொண்டே போகிறது, இடித்துவிட்டு கான்கிரீட் ஆர்ச் போடலாம் என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள், நானும் தூக்கித் தொலைத்தேன். மறுநாளே உன் கடிதம் வருகிறது. அம்மா தன் கல்யாணத்தன்று நின்ற அதே வாசல் கூரையடியில் அப்பாவோடு நின்று, ஆயர் பாடகர் குழுவோடு வந்து உள்ளே அழைக்கிற வரைக்கும் காத்திருப்பேன், காரில் போர்டிகோ வரை போகமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அதை அம்மா சத்தமாகப் படித்தாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். உனக்குத் தெரியாததா, சுவர் இல்லாத சின்ன வீடு மாதிரி இருக்கும். நான்கு தேக்குத் தூண், செங்குத்தான ஓட்டுக்கூரை, உள்ளே இரண்டு பக்கமும் கல் பெஞ்சு, வலது பெஞ்சு பெட்டி இறக்க, இடது பெஞ்சு மணப்பெண் உட்கார. தூணை அளந்தேன், கூரையின் சாய்வை அளந்தேன், நான்கு தூணும் ஒரே மட்டம், எதுவும் கோணவில்லை. களைத்துப்போய் இடது பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கிறது. நாலு விரல் உயரத்துக்கு எவனாவது பெஞ்சு கட்டுவானா? முப்பத்தோரு வருஷம் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டியவன் நான். மேல்பாகம் சரியாக இருந்து காலுக்குப் பொருந்தாவிட்டால் அடிப்பாகத்தைத்தான் பார்ப்போம். வாசல் இறங்கவில்லை கெசியா, தரைதான் ஏறியிருக்கிறது! வெளியே ரோட்டுக்குத் தார்மேல் தார் போட்டார்கள், மழைத்தண்ணீர் உள்ளே வரக்கூடாதென்று நாமும் ஒவ்வொரு தடவையும் கிராவல் கொட்டினோம்.

இதைச் சொன்னால் கமிட்டியில் சிரிக்கிறார்கள். நான் ஒற்றைக்காலில் நின்றதால் ஜோனதன் ஆயர் ஒரே ஒரு சனிக்கிழமை கொடுத்தார், சாயங்காலத்துக்குள் ஒன்றும் தெரியாவிட்டால் திங்களன்று இடிப்பு. பக்கத்து வீட்டு ஷபீ அஹமது பாய் தன் தோல் ஷாப்பிலிருந்து இரண்டு ஆட்களையும் கடப்பாரையையும் கூட்டிக்கொண்டு வந்தார். மத்தியானம் வரை மண்ணும் தாரும்தான், இருதயராஜ் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. மூன்று மணி இருக்கும், பதினைந்து அங்குலத்தில் கடப்பாரை ணங்கென்றது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வரிசையாகப் பாவிய கருங்கல் தரை! ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. ஆயர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி நிமிர்ந்து நின்றார், உத்தரம் அவர் தலைக்கு மேலே முக்கால் அடி தள்ளி இருந்தது. எல்லோரும் கை தட்டினோம். ஷபீ பாய் மட்டும், "இன்னா சார், இத்தினி வருஷமா சும்மாவே குனிஞ்சினு போனீங்களா?" என்று கேட்டார். எனக்கு அசடு வழிந்தது. கர்த்தருடைய வீட்டுக்குத் தாழ்மையோடு வரவேண்டும் என்றுதான் பெரியவர்கள் வாசலைக் குட்டையாகக் கட்டினார்கள் என்று இருபத்திரண்டு வருஷம் சண்டே ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தவன் நான்தானே, உனக்கும் சேர்த்து! அந்த ஞாயிறே பிள்ளைகள் முன்னால் ஒப்புக்கொண்டேன். நாலாம் வகுப்பு ரெனிட்டா எழுந்து, "அப்போ இனிமே குனிய வேணாமா சார்?" என்றாள். குனி, ஆனால் தலை இடிக்கும் என்பதற்காகக் குனியாதே என்றேன்.

இடிப்பு ரத்து. ரோட்டிலிருந்து இறங்க இரண்டு படியும் மழைநீர் போக ஒரு கால்வாயும் கட்டுகிறார்கள், மேற்பார்வை இருதயராஜ், இப்போது என்னைவிட அவருக்குத்தான் ஆர்ப்பாட்டம் ஜாஸ்தி. மாப்பிள்ளை ஷாஜினிடம் சொல், ஆறடி மனுஷன் தாராளமாக வரலாம். நேற்று நான் தனியாகப் போய் அந்தக் கூரையடியில் பத்து நிமிஷம் நின்று பார்த்தேன். உன்னோடு நிற்கப்போகிறேன் என்று நினைத்ததும் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, அம்மாவிடம் சொல்லாதே.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, மே மாதம் பத்திரமாக வீடு சேர்ப்பாராக. ஒன்றை மறக்காதே, கல்யாணத்துக்கு அங்கே செருப்பு வாங்கிவிடாதே, நான் தைக்கிறேன். சாயங்காலமாக, நாள் முழுக்க நடந்து கால் சற்று வீங்கியிருக்கும்போது, வெள்ளைத்தாளில் இரண்டு காலையும் ஊன்றி நின்று, யாரையாவது பென்சிலால் சுற்றி வரையச் சொல்லி உடனே அனுப்பு. என்னிடம் இருப்பது நீ பத்தாவது படித்தபோது எடுத்த அளவுதான்.

உன் அன்பு அப்பா,
ஜெயகரன்