அம்மா வந்திருக்கா

2074 ஏப்ரல் 3, காலை 9.10
கொல்லிமலைக் கண்காணிப்பு நிலையம். பதிவிடுபவர்: செங்கமலம். ஆள் நான் ஒருத்திதான். மக்கள் சமூக ஊடகங்களில் எழுதுவதை எல்லாம் இயந்திரம் படித்து, புது அம்மை நோய் எந்த ஊரில் பரவுகிறது என்று சொல்லும். அந்தப் பட்டியல்படிதான் தடுப்பூசி வண்டிகள் போகும்.
இன்று ஒரு தொல்லை ஒழிந்தது. கால் இடறினாலும் "ஐயோ அம்மா" என்று எழுதுகிறார்கள், இயந்திரம் உடனே நோய் என்று அலறுகிறது. 'அம்மா' வரும் பதிவு எதுவானாலும் குடும்பச் செய்தி என்று விதி எழுதிவிட்டேன். பொய் எச்சரிக்கை பாதியாகக் குறைந்தது. கெட்டிக்காரிதான் நான்.

ஏப்ரல் 11, காலை 10.30
குடும்பச் செய்திகளை எண்ணி இயந்திரம் போடும் மகிழ்ச்சிப் பட்டியலில் எங்கள் ஊர் கருவேலம்பட்டி முதலிடம்! ஒரே நாளில் 312 குடும்பச் சந்திப்புகள். அங்கே போக இருந்த வண்டியை வடக்கே திருப்பச் சொல்லி நான்தான் ஒப்புதல் கொடுத்தேன்.
தங்கை பவளத்துக்குச் செய்தி அனுப்பினேன்: "என்னடி, ஊரே கூடிக் கும்மாளம் போடுது? எனக்கு மட்டும் அழைப்பு இல்லையா?" பதில் இல்லை. கொழுப்பு.

ஏப்ரல் 13, மதியம் 1.05
பவளத்தின் பதில்: "அக்கா, நம்ம வீட்டுக்கு அம்மா வந்திருக்கா. கதிரு உடம்பெல்லாம் முத்து. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் நீ இந்தப் பக்கம் வராத."
எங்கள் அம்மா செத்து ஆறு வருடம் ஆகிறது.
அடிப்பாவி! அம்மை என்று வாயால் சொன்னால் ஆத்தா கோபிப்பாள், 'அம்மா வந்திருக்கா' என்றுதான் சொல்ல வேண்டும் என்று பழக்கிய ஊரில் பிறந்தவள் நான். 312 பதிவில் ஒன்றைக்கூடத் திறந்து படிக்கவில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தேன். பவளத்தின் மகன் கதிருக்கு நாலு வயது.

மதியம் 1.50
விதியை எழுத நான் போதும், நீக்கத் தலைமையகம் அனுமதிக்க வேண்டும்; கேட்டேன். வண்டியும் கேட்டேன். தலைமையகம்: "மகிழ்ச்சியில முதல் ஊருக்கு எதுக்கும்மா ஊசி? விதிய மாத்த குழு கூடணும். பத்து நாள் ஆகும்."
"அது மகிழ்ச்சி இல்லய்யா, அம்மை!" என்று கத்தினேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 14, காலை 6.20
மறுபடி கேட்டேன். பதில் இல்லை. பவளமும் எடுக்கவில்லை. நிலையத்தில் என் பங்குக்கு ஒரே ஒரு ஊசி இருக்கிறது; நோய் கண்டபின் போட்டாலும் உயிர் பிழைக்க வழியுண்டு. அதை எடுத்துக்கொண்டு நடந்தே இறங்குகிறேன். வேலை போனால் போகட்டும்.

ஏப்ரல் 14, மாலை 4.40
பாதி வழியில் எங்கள் ஊர்க்காரர்களே சாலையை மறித்திருக்கிறார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை யாரையும் விடமாட்டோம் என்கிறார்கள். காலில் விழுந்தும் பார்த்தேன். கைக்கருவியில் ஊர்ப்பதிவுகள் வந்துகொண்டே இருக்கின்றன. இப்போது வந்தது பவளத்தினுடையது. கீழே இயந்திரத்தின் குறிப்பு. விதி என்னுடையது.

"அக்கா, அம்மா கதிரக் கூட்டிட்டுப் போயிட்டா."
வகை: குடும்பப் பயணம். மனநிலை: மகிழ்ச்சி.