வெள்ளாட்டின் வாய் எட்டுகிற உயரம்

சார்தீனியா,
மே மாதம்

அன்பு மகன் கொனாரியோவுக்கு, அம்மா எழுதுவது. என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சுகம், துரினில் நீயும் மருமகளும் அப்படியே இருக்க மாதாவை வேண்டுகிறேன். பேத்தி மல்லேனா நாலு வயதில் இத்தாலியமும் நம் சார்தீனியப் பேச்சும் கலக்காமல் பேசுகிறாள் என்று ரொட்டி சுட வந்த எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

அவள் பிறந்தபோது நீ காட்டுப் பேரியில் நம் தோட்டத்துப் பேரியை ஒட்டுக் கட்டினாயே, அந்த மரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன கோடையில் குழந்தை கையில் குத்தியது என்று உன் தங்கை புருஷன் இஸ்தேவனே ஒட்டுக்குக் கீழே இருந்த முள்கிளைகளை மழுங்கச் சிரைத்தான். குளிர்காலத்தில் ஆட்டுக்காரன் பாக்கீஸின் வெள்ளாடுகள் சுவர் ஏறி வந்து ஒட்டில் ஒரு சாண் குச்சி மட்டும் விட்டுப் போயின. செத்த மரம், பிடுங்கிவிடு என்று நீ போனில் சொன்னாய். அவனும் கடப்பாரையோடு நின்று, அத்தே, செத்த மரத்துக்கு இன்னும் எத்தன நாளைக்கு ஒப்பாரி வெப்பீங்க என்கிறான்.

அது சாகவில்லையப்பா. சிரைத்த இடத்திலெல்லாம் கிளை வெடித்து, முன்பைவிட நெருக்கமாக, என் சுண்டுவிரல் நீளத்துக்கு முள். கூண்டு பின்னியது போல ஒட்டைச் சுற்றி நிற்கிறது. திங்களன்று பாக்கீஸின் கொம்பொடிந்த ஆடு மூக்கை நீட்டி, தும்மிக்கொண்டு ஓடியது. ஏன்டி சிறுக்கி, விருந்து காரமா இருந்துச்சோ என்று பாக்கீஸ் அதைக் கேட்டுச் சிரித்தான். கிணற்றடிப் பெரிய காட்டுப் பேரியைப் போய்ப் பார்க்கச் சொன்னதும் அவன்தான். இத்தனை வருஷம் அதன் நிழலில் துணி உலர்த்தியவள், அன்றுதான் அண்ணாந்து பார்த்தேன். ஆடு பின்னங்காலில் எழும்பி நின்றால் வாய் எட்டுகிற உயரம் வரை முள், அதற்கு மேலே ஒன்றுகூட இல்லை, கிளையெல்லாம் வழவழவென்று இருக்கிறது. கண் இல்லை, கை இல்லை, ஆட்டின் கழுத்தை அது எதை வைத்து அளந்தது? ஐந்தாவதோடு நின்றவள் நான், சிலுவை போட்டுக்கொண்டேன்.

இன்று காலை முள்ளை விலக்கிப் பார்த்தேன், என் புறங்கை கிழிந்தது. உள்ளே அந்த ஒரு சாண் குச்சியில் இரண்டு இலை, மல்லேனாவின் நகத்தளவுகூட இல்லை. நம் தோட்டத்துப் பேரியின் இலைதான், காட்டு இலை இல்லை. நீ வாயால் சொன்னால்தான் இஸ்தேவனே கடப்பாரையைக் கீழே வைப்பான், இதைப் படித்த கையோடு அவனுக்குப் போன் போடு. ஆகஸ்டில் குழந்தையைக் கூட்டி வா. கையில் குத்தினால் நான் ஊதிவிடுகிறேன், மரத்தில் யாரும் கைவைக்க வேண்டாம்.

மூவருக்கும் என் முத்தமும் ஆசியும். இரவில் காபி குடிக்காதே.

உன் அம்மா
பொனாரியா