நான்காவது நட்டு

சங்கரன்கோவில்
25.9.1983

அன்புள்ள அத்தானுக்கு,

ஆறுமுகத்தாய் எழுதுவது. நானும் மதினியும் நலம். உங்கள் கண் எரிச்சல் குறைந்ததா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். பதிலில் அதைத் தவிர எல்லாம் இருந்தது. லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் துரைப்பாண்டியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூட இருக்கும் பொட்டலத்தில் அல்வா இல்லை. கடிதத்தைப் படித்து முடித்த பிறகு பிரியுங்கள்.

தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு உத்தரவு வந்ததை எழுதியிருந்தேன். பத்தொன்பதாம் தேதிக்குள் சேராவிட்டால் பதவி அடுத்தவருக்குப் போய்விடும். மேலநீலிதநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நாலு மைல் நடை. முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் மணி அடித்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் பள்ளிக்கூடம் போய்ச் சேர முடியும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு, ஜாவா மோட்டார் சைக்கிளையும் விற்றுவிடு, மற்றதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதை மூன்று தடவை படித்தேன். பிறகு தொழுவத்துக்குப் போய் வண்டி மேல் கிடந்த சாக்கை எடுத்தேன்.

கல்யாணமான மூன்றாம் வருஷக் கோடையில், வற்றிக் கிடந்த குளத்துக்குள் எனக்கு அதை ஓட்டக் கற்றுக் கொடுத்தீர்களே, நினைவிருக்கிறதா? கரையில் ஒரு தலை தெரிந்தாலும் நாம் இடம் மாறி உட்கார்ந்துகொள்வோம்.

கிக்கரை மிதித்தேன். பாறையை மிதித்தது போல் இருந்தது. மெக்கானிக் மன்சூர் அலி பாய் வந்து பார்த்துவிட்டு, பிஸ்டன் உள்ளே இறுகிவிட்டது, சிலிண்டரின் மேல் மூடியைக் கழற்றினால்தான் வழி என்றார். மூடியைப் பிடித்திருந்த நான்கு நட்டிலும் தடித்த துரு. சுரண்டிய விரலை முகர்ந்து பார்த்து, "இதென்ன டீச்சரம்மா, சந்தன வாசம் அடிக்கி?" என்றார்.

அத்தான், நீங்கள் போன பிறகு ஐந்து ஆயுத பூஜை வந்தது. ஐந்திலும் வண்டியை மஞ்சள் தண்ணீரால் கழுவி, ஒவ்வொரு நட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். துடைக்க மனம் வராது. அடுத்த வருஷம் அதன் மேலேயே வைப்பேன். ஒரு நாளாவது ஓட்டிப் பார்க்கவோ ஒரு சொட்டு எண்ணெய் விடவோ தோன்றவில்லை. "அஞ்சு வருசமா மஞ்சத்தண்ணி ஊத்தி வளத்திருக்கீய, துரு வேர் பிடிக்காம என்ன செய்யும்?" என்று பாய் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பௌதிகம் படித்தவள் நான். இரும்பில் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். உங்கள் வண்டி என்றதும் படித்ததெல்லாம் மறந்துபோயிருக்கிறது.

மூன்று நட்டு வந்துவிட்டது. நான்காவதற்கு, ஸ்பேனரின் பிடியில் குழாயைச் சொருகிப் பலத்தோடு இழுத்தார். நட்டின் முனைகள் மழுங்கியதுதான் மிச்சம். "இன்னும் இழுத்தா போல்ட்டு முறிஞ்சிரும். பெறவு சிலிண்டரையே தூரப் போட வேண்டியதுதான். பேசாம வித்துருங்க" என்றார். சேர வேண்டிய நாளுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. நாலு நாள் எனக்குக் கொடுங்கள், சாமான்களை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

மண்ணெண்ணெயில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்து காலையும் மாலையும் சொட்டுச் சொட்டாக விட்டேன். விட்டுவிட்டுச் சின்னச் சுத்தியலால், கதவைத் தட்டுகிற அளவுக்கு, நட்டின் தலையில் தட்டுவேன். உங்கள் அக்கா வாசலில் நின்று பார்ப்பார்கள். "ஏட்டி, ஆட்டுக்கறி கணக்கா வண்டியக் கூறு போட்டு வச்சிருக்கியே, எந்தம்பி கேட்டான்னா என்ன சொல்லுவ?" என்பார்கள். பழையபடி மாட்டித் தருவேன் மதினி என்பேன். மூன்றாம் நாள், மழுங்கிய நட்டின் இரண்டு பக்கத்தையும் அரத்தால் ராவி, அடுத்த சின்ன அளவு ஸ்பேனர் கச்சிதமாகப் பிடிக்கும்படி செய்தேன். கையில் இரண்டு கொப்புளம்.

நாலாம் நாள் லீவு போட்டேன். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தேன். ஒரு பெரிய நட்டைக் கரி அடுப்பில் சிவக்கக் காய்ச்சினேன். அதைக் குறடால் எடுத்து, இறுகிய நட்டைச் சுற்றி வளையம் போல் இறக்கினேன். வளையத்தைச் சூடாக்கினால் குண்டு உள்ளே நுழையும் என்று வகுப்பில் செய்து காட்டுவோமே, அதேதான். அடுப்புக்கு விசிறியது யார் என்று நினைக்கிறீர்கள்? மதினிதான்.

நட்டு சூடேறியதும் வளையத்தை எடுத்துவிட்டு ஸ்பேனரை மாட்டினேன். முதலில் கழற்றவில்லை, மயிரிழை அளவு முடுக்கினேன். பிறகு கழற்றும் பக்கம் திருப்பினேன். கீச்சென்று ஒரு சத்தம். போல்ட் முறிந்துவிட்டது என்று கையை எடுத்துவிட்டேன். மதினி விசிறியைக் கீழே போட்டுவிட்டார்கள். குனிந்து பார்த்தால் நட்டுக்கு அடியில் நூலளவு பளபளப்பு. அசைந்திருக்கிறது! அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, ஆறவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் என்று, உச்சிப்பொழுதில் நட்டு என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. போல்ட்டில் ஒரு புரி கூடச் சிதையவில்லை.

அன்று பிற்பகலே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, சொன்னது மதினி. "எந்தம்பி சுப்பு கையால கூட இது வந்திருக்காது" என்றார்களாம். பாய் இரண்டு நாள் உட்கார்ந்து பிஸ்டனை விடுவித்து, நான்காவதற்குப் புது நட்டுப் போட்டு வண்டியை ஓட வைத்தார். போகும்போது, "பட்டறையில சேந்துக்கிடுதீயளா டீச்சரம்மா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை உங்கள் பழைய முழுக்கால்சட்டையை உள்ளே போட்டு, மேலே புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பினேன். மேலநீலிதநல்லூர் டீக்கடையில், "ஏலே, அங்கன பாருலே, ஜாவால டீச்சரு!" என்று ஒரு குரல். எல்லாத் தலையும் திரும்பியது. இந்தத் தடவை நான் இடம் மாறி உட்காரவில்லை. மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பள்ளிக்கூட வாசலில் இறங்கினேன்.

உங்களைக் கேட்காமல் செய்ததற்குக் கோபப்படுவீர்கள் என்று தெரியும். பொட்டலத்தைப் பிரித்து அந்த நட்டைக் கையில் வைத்துக்கொண்டு கோபப்படுங்கள். இந்த ஆயுத பூஜைக்குப் பொட்டு பெட்ரோல் டாங்குக்கு மட்டும். நட்டுகளுக்கு எண்ணெய்.

அடுத்த ஆடித்தபசுத் திருவிழாவுக்காவது வாருங்கள். ஸ்டேஷனுக்கு நானே வண்டியோடு வருகிறேன். பின்னால் உட்கார்ந்து வரச் சம்மதமா என்று எழுதுங்கள். சம்மதமில்லை என்றாலும் வாருங்கள். வண்டியை இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடப்போம். கோமதியம்மன் உங்கள் கண்ணுக்குத் துணையிருக்கட்டும்.

உங்கள்
ஆறுமுகத்தாய்