நிரந்தர முகவரி: நீங்கள் எழுதச் சொன்ன ஊர்

என் அன்பு அப்பாவுக்கு,

விசா மறுத்துவிட்டார்கள். நீங்கள் இருந்திருந்தால் முதலில் உங்களிடம்தான் சொல்லியிருப்பேன். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. செவிலியர் மேற்படிப்புக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்ததென்று சந்து முழுக்கப் பேடா கொடுத்தீர்களே, அந்தப் படிப்புக்குத்தான். படிப்பு முடிந்ததும் நான் நாடு திரும்புவேன் என்று நம்புவதற்கில்லையாம்.

மேல்முறையீட்டுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மாட்டுங்காவில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நிரந்தர முகவரின்னு திருநெல்வேலிப் பக்கம் ஏதோ கிராமத்தைப் போட்டிருக்கியே. அங்க யாரும்மா இருக்கா?"

"யாரும் இல்ல மேடம். வீடும் இடிஞ்சு போச்சு."

"அப்புறம் எங்கேன்னு திரும்பி வருவே? அவா கேக்கறதும் அதைத்தான்."

என்ன சொல்வேன் அப்பா? எனக்குக் கோபம் உங்கள் மேல்தான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து எந்தப் படிவம் வந்தாலும் பக்கத்தில் வந்து நிற்பீர்கள். "இது பொழைக்க வந்த இடம்ட்டி. நிரந்தரம்னா ஊரைத்தான் எழுதணும்" என்பீர்கள். நம் சந்தில் எல்லா அப்பாக்களும் இதையேதான் சொன்னார்கள். நாற்பது வருஷம் தாராவியில் பை தைத்தீர்கள். நான் பிறந்ததும் இங்கேதான். அந்த ஊரை இரண்டே முறை பார்த்திருக்கிறேன், இரண்டும் கோயில் கொடை விழாவுக்குப் போனபோது.

இப்போது நான் தாராவிக்காரி என்று நிரூபிக்க வேண்டும். கரண்ட் பில், ரேஷன் கார்டு, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் கடிதம் எல்லாம் சேர்த்தாயிற்று. உங்கள் இறப்புச் சான்றிதழையும் வக்கீலம்மா கேட்டார். அதிலும் நிரந்தர முகவரி அந்த ஊர்தான். எழுதிக் கொடுத்தவள் நான். அழுதுகொண்டிருந்தேன், கை அது பாட்டுக்கு எழுதிவிட்டது. உங்களை எரித்தது இங்கே, சயான் சுடுகாட்டில். அந்த ஊரில் உங்களுக்கு என்ன மிச்சம் இருக்கிறது?

நேற்று அம்மா பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். மகள் படித்து முடித்ததும் என்னிடமே திரும்பி வருவாள் என்று அதில் இருக்கிறது. நோட்டரி இந்தியில் படித்துக் காட்ட, ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள். வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, கெடச்சா போயிரு. இந்த ஒத்த ரூமுக்குத் திரும்பி வந்துராத. என்னை யாராவது பாத்துக்கிடுவாவ."

எனக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது அப்பா. விசா அதிகாரி என்னைச் சரியாகத்தான் கண்டுபிடித்தாரோ? வீடு வரும்வரை அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். போகக் கிடைத்தாலும் நான் திரும்பி வருவேன். உங்களுக்குக் கொள்ளி வைத்த கையால்தான் அம்மாவுக்கும் வைப்பேன். அதை நம்பும்படி காட்ட என்னிடம் காகிதம் எதுவும் இல்லை.

உங்கள் ஒரே பிள்ளை,
முத்துச்செல்வி